சூப்பர்சார்ஜர் போட்ட எஞ்சின் மூச்சுவிட எது வழி?

அக்கா மகன் தன் வண்டியை மார்ச் மாதம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு எடுத்துப் போனான். 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 வி-டெக். புதிதாக சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் ப்ளோயர், மாட்டியிருந்தான். மூன்றாவது சுற்றிலேயே, நடுவில் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடியைக் காட்டிவிட்டார்கள். வண்டியில் கோளாறு, உள்ளே வா என்று அதற்கு அர்த்தம். பானெட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் இரண்டு விரற்கடை எழும்பி நிற்கிறது. சுற்றிலும் ஆயில். எக்ஸாஸ்ட் மேல் சொட்டிய ஆயில் வெள்ளைப் புகையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் சேட்டன் மறுநாள் அதைச் சுற்றி வந்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "வண்டிக்கு ஸ்வாசம் முட்டுன்னு." மூச்சு முட்டுகிறது. இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. கிட் மாட்டிய இடத்தில் பெல்ட், இன்டர்கூலர், டியூனிங் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். கிராங்க்கேஸ் (பிஸ்டன்களுக்குக் கீழே இருக்கும் எஞ்சின் அடிப்பெட்டி) காற்று எங்கே போகும் என்பதை மட்டும் ஹோண்டா தலையிலேயே விட்டுவிட்டார்கள். ஹோண்டா அந்த வண்டியை பூஸ்டுக்காக, அதாவது ப்ளோயர் தள்ளும் அழுத்தக் காற்றுக்காக, செய்யவில்லை.

"ஏனுங் மாமா, ஒரு கேட்ச் கேன் வாங்கி மாட்டுனாப் பத்தாதுங்களா?" என்றான் பையன். கேட்ச் கேன் என்றால் அந்தக் காற்றோடு வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா. பத்தாது மாப்ள. எந்தக் கேனை, எங்கிருந்து எங்கே மாட்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான்கைந்து வழிகளை வைத்து இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்ன வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதனால் கே.எல்.70 போர்டு மாட்டிய இந்த சிட்டி, லாரியில் ஏறித்தான் வேலந்தாவளம் தாண்டுகிறது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை டிராக். மீதி ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னந்தோப்புக்குள் பத்து நிமிஷ ஓட்டம். இந்தப் பத்து நிமிஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதியதாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதன் ஓரமாகக் கீழே கசியத்தான் செய்யும். அதுதான் ப்ளோ-பை. அதில் எரியாத பெட்ரோல், நீராவி, அமிலம் எல்லாம் இருக்கும். கூடவே ஆயில் துளிகளையும் கிளப்பிக்கொண்டு வரும். இதை அடைத்து வைப்பது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் கள் நுரைத்து நிற்கும் பானைக்கு இறுக்கமாக மூடி போடுவது போல. எங்கேயாவது பீறிக்கொண்டு வந்தே தீரும். எஞ்சினில் அது டிப்ஸ்டிக் வழியாக வரும், டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கட் வழியாக வரும். எல்லாவற்றையும் விட மோசம் பின்பக்கக் கிராங்க் ஆயில் சீல் வழியாக வருவது, ஏனென்றால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

அந்தக் காலத்து வண்டிகளில் இந்தக் காற்றை ஒரு குழாய் வழியாக ரோட்டில் விட்டார்கள். பழைய லாரிகளுக்கு அடியில் சொட்டிக்கொண்டே தொங்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். புகைமூட்டத்துக்குப் பயந்து கலிபோர்னியாவில் விற்ற கார்களில் 1961லும், அமெரிக்கா முழுக்க 1963லும் பி.சி.வி. வால்வ் வந்தது. எஞ்சினே தன் கழிவுக் காற்றை உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாடு அது.

சாதாரண எஞ்சினில் இதற்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, கிராங்க்கேஸிலிருந்து பி.சி.வி. வால்வ் வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு. ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடும்போது மேனிஃபோல்டில் நல்ல சக்‌ஷன் இருக்கும், அது அழுக்குக் காற்றை இழுக்கும். இன்னொன்று, டேப்பெட் கவரிலிருந்து, த்ராட்டிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) முன்னால் இருக்கும் ஏர் பைப்புக்கு. சாதாரணமாக இந்தப் பாதையில் சுத்தமான காற்று உள்ளே வரும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் சக்‌ஷன் செத்துவிடும். அப்போது ப்ளோ-பை இதே பாதையில் திரும்பி வெளியே வரும். ஒரே குழாய்தான், போக்குவரத்து மட்டும் இரு பக்கமும்.

இப்போது பூஸ்ட். எங்கள் சிட்டியில் 7 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய அரை பார். ப்ளோ-பை கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. தெரியாத பாதி என்னவென்றால், சக்‌ஷன் இருந்த மேனிஃபோல்டில் இப்போது அழுத்தம் இருக்கிறது. அது பி.சி.வி. குழாய் வழியாகத் தலைகீழாகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கப் பார்க்கிறது. பி.சி.வி. வால்வே எதிர்க்காற்றை அடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். பேக்-ஃபயர் ஆனால் ஒரு நொடி அடைக்கத்தான் அது. நேர் ரோட்டில் ஐந்து நொடி, ஆறு நொடி பூஸ்டைத் தாங்கி நிற்கச் சொன்னால் அந்த வால்வ் கசியும். எங்கள் டிப்ஸ்டிக்கை எழுப்பிவிட்டது அந்தக் கசிவுதான். வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் காற்று போனது.

ஆக, "ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுவது" என்ற வழி முதல் நாளே அடிபட்டுப் போனது. ஆனால் எல்லா சூப்பர்சார்ஜருக்கும் இது பொருந்தாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

என்னிடம் இருப்பது பழைய எஸ்டீம், 1,300 சி.சி. அதில் ஐசின் ஏ.எம்.ஆர்.500. ஜப்பானியர்கள் சின்ன எஞ்சின்களுக்காகச் செய்த ரூட்ஸ் வகை, ஒரு சுற்றுக்கு 500 சி.சி. காற்றைத் தள்ளும். அதில் த்ராட்டில் ப்ளோயருக்கு முன்னால் இருக்கிறது. ப்ளோயர் த்ராட்டில் வழியாக உறிஞ்சி மேனிஃபோல்டுக்குள் தள்ளுகிறது. அப்படியானால் த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் இடத்தில் பூஸ்ட் எந்தக் காலத்திலும் வராது. ஸ்லோவில் நல்ல சக்‌ஷன், முழுக்க மிதித்தால் வெளிக்காற்றுக்குக் கொஞ்சம் கீழே. பி.சி.வி. குழாயை மேனிஃபோல்டிலிருந்து பிடுங்கி அந்த இடத்தில் செருகி, நடுவில் ஒரு கேட்ச் கேன் வைத்தேன். வேலை முடிந்தது. பழைய ஓட்டையை மூடியாக வேண்டும், அவ்வளவுதான். ப்ளோயரின் ரோட்டர்கள் லேசான ஆயில் பூச்சுக்குக் கெட்டுவிடாது. ஆனால் கேன் இல்லாமல் விட்டால் ஆயில் மேனிஃபோல்டில் தேங்கும், பெட்ரோலோடு சேர்ந்து எரியும், எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். எரிகிற கலவையில் ஆயில் சேர்ந்தால் ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஊற்றிய மாதிரிதான்.

உங்கள் வண்டியும் இப்படி அமைந்திருந்தால் இதற்கு மேல் படிக்காமல் கேன் வாங்கப் போகலாம்.

சிட்டியில் இருப்பது சென்ட்ரிஃபியூகல். ஏர் ஃபில்டர், ப்ளோயர், இன்டர்கூலர், கடைசியில் த்ராட்டில். த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு அங்குலமும் சில நேரம் சக்‌ஷன், சில நேரம் பூஸ்ட். எப்போதும் உறிஞ்சும் இடம் ப்ளோயரின் வாய் மட்டும்தான். அங்கேயும் ஸ்லோவில் சக்‌ஷன் ரொம்பக் குறைவு. இனி சொல்வதெல்லாம் இந்த அமைப்புக்கு.

சேட்டன் சொன்ன வழி மிகச் சுலபம். பி.சி.வி.யைப் பிடுங்கி மேனிஃபோல்டு ஓட்டையை அடை. டேப்பெட் கவரிலிருந்தும் பிளாக்கிலிருந்தும் இரண்டு பெரிய குழாய்களை ஒரு டப்பாவுக்குக் கொண்டுவா. டப்பா தலையில் ஒரு குட்டி ஃபில்டர். காற்று வெளியே போகட்டும், ஆயில் டப்பாவில் நிற்கட்டும். இன்டேக்குக்குள் ஒரு சொட்டு ஆயில் போகாது, பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்க வழியே இல்லை, கெட்டுப்போக ஒரு வால்வும் கிடையாது. ரேஸ் வண்டிகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதியில் இதற்கு டப்பா அளவே சொல்லியிருக்கிறார்கள்: 2,000 சி.சி. வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் வேண்டும். கடைகளில் விற்கும் அரை லிட்டர் அலங்காரக் கேன்கள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஏர்ஃப்ளோ சென்சார் வைத்துக் காற்றை அளக்கும் வண்டிகளில் மேனிஃபோல்டு ஓட்டையை அடைக்காமல் இப்படித் திறந்துவிட்டால், அளக்காத காற்று உள்ளே வந்து ஸ்லோ கலைய வாய்ப்பு உண்டு. இந்த ஹோண்டா மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வகை, அதனால் எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

எனக்கும் கொஞ்ச நாள் இந்த வழி பிடித்திருந்தது. தோப்பு ஓட்டத்தை யோசித்த பிறகுதான் மனம் மாறியது. திறந்த டப்பாவில் கிராங்க்கேஸை எதுவும் உறிஞ்சுவதில்லை. அழுத்தம் தானாகத் தள்ளினால் காற்று வெளியே போகும், இல்லாவிட்டால் உள்ளேயே நிற்கும். டிராக்கில் ஆயில் நன்றாகச் சூடேறி நீராவியும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஆயில் மாற்றிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஓடி அணையும் எஞ்சினில் ஆயில் முழுக்கச் சூடாவதே இல்லை. உள்ளே நிற்கும் நீராவி டேப்பெட் கவரின் அடியில் குளிர்ந்து ஆயிலோடு கலக்கும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கிற மாதங்களில் ஆயில் மூடியைத் திறந்தால், அடியில் தயிர் மாதிரி அப்பியிருக்கும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் எரியும்போது நீராவி இன்னும் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. எஞ்சினின் ஆயுளில் பூஸ்ட் சில நிமிஷங்கள், மீதியெல்லாம் ஸ்லோவும் சாதா ஓட்டமும். மூச்சுக்கு வழி செய்யும்போது எல்லோரும் அந்தச் சில நிமிஷத்தையே பார்க்கிறார்கள்.

வாடையும் ஒரு விஷயம். சிக்னலில் நின்றால் ஆயில் ஆவி ஏசி வழியாக உள்ளே வரும். வளைகுடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ முறைப்படி அனுமதி வாங்கி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், வீட்டில் இருப்பவர்கள் அந்த வண்டியில் ஏறுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நம் ஊர்ப் புகைப் பரிசோதனையில் சைலன்சர் வாயில்தான் குழாயை விடுகிறார்கள் என்பதால் டப்பா மாட்டிக்கொள்ளாது. ஆனால் கிராங்க்கேஸிலிருந்து துளியும் வெளியே விடக்கூடாது என்பது பாரத் ஸ்டேஜ் விதியில் உள்ளதுதான்.

அடுத்து, நாங்கள் கடைசியில் எடுத்த மூடிய வழி. பாதை இரண்டும் அப்படியே இருக்கும், ஆளுக்கொரு கேன்.

மேனிஃபோல்டு பக்கம்: இந்த ஹோண்டாவில் பிளாக்கின் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது, பி.சி.வி. வால்வ் அதில்தான் உட்காரும். அங்கிருந்து முதல் கேன், அதிலிருந்து பூஸ்ட் தாங்கும் ஒன்-வே வால்வ், பிறகு மேனிஃபோல்டு. ஒன்-வே வால்வ் வந்துவிட்டதே என்று பி.சி.வி.யைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். எங்கள் பையன் தூக்கிப்போட்டான். ஸ்டார்ட் செய்ததும் ஸ்லோ 1,800இல் ஏறி ஆடியது, சைலன்சரில் நீலப் புகை. ஸ்லோவில் மேனிஃபோல்டில் 0.6 பார் அளவுக்குச் சக்‌ஷன் இருக்கும். அந்த நேரத்தில் ஓட்டையைச் சுருக்கி அளந்து விடுவது பி.சி.வி.யின் வேலை. அது இல்லாவிட்டால் அளவில்லாமல் காற்றும் ஆயிலும் இழுக்கப்படும். இரண்டு வால்வுக்கும் வேலை வேறு, இரண்டும் வேண்டும்.

ஒன்-வே வால்வில் காசைச் சுருக்க வேண்டாம். பிரேக் பூஸ்டர் குழாயில் வரும் பிளாஸ்டிக் வால்வை உக்கடம் பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கி முதலில் மாட்டினோம். துவாரம் சிறியது, ஆயில் ஆவி பட்டு ஒரு மாதத்தில் உள்ளே ஒட்டிக்கொண்டது. இப்போது இருப்பது அலுமினிய உடம்பு. மாதம் ஒரு முறை கழற்றி வாயால் ஊதிப் பார்க்கிறோம்; ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் அடைக்க வேண்டும்.

டேப்பெட் கவர் பக்கம்: கவரிலிருந்து இரண்டாவது கேன், அதிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் ப்ளோயர் வாய்க்கும் இடையில் உள்ள பைப்பில் ஒரு இணைப்பு. பூஸ்டில் ப்ளோ-பை முழுக்க இந்த வழியாகத்தான் போகும். ப்ளோயரின் உறிஞ்சலும் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். ஆகவே இங்கே குழாய் பெரிதாக இருக்க வேண்டும். கம்பெனிக் குழாய் உள் அளவு 10 மி.மீ. சுமார், நாங்கள் போட்டது 19. விட்டம் இரண்டு மடங்குக்குக் கீழேதான், ஆனால் காற்று போகும் இடம் மூன்றரை மடங்குக்கு மேல். கவரில் இருக்கும் பழைய நிப்பிளை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் பெரிதாக்கினால் பிரயோஜனம் இல்லை. கவரைக் கழற்றி, கோயம்புத்தூரில் ஆர்கான் வெல்டிங் போட்டுப் பெரிய நிப்பிள் வைத்தோம். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைச் செருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது சப்பிப்போகும். ஆயில், பெட்ரோல் தாங்கும் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும்.

இந்த வழியில் யாரும் சொல்லித்தராத ஒரு வில்லங்கம் உண்டு. சாதா ஓட்டத்தில் இரண்டாவது கேன் வழியாகச் சுத்தக் காற்று தலைகீழாக டேப்பெட் கவருக்குள் போகிறது. கேன் நிரம்பிக் கிடந்தால் பிடித்து வைத்த தண்ணீரையும் கசடையும் அதுவே திரும்ப எஞ்சினுக்குள் கொண்டுபோய்விடும். மூடிய வழிக்குப் போகிறவர்கள் கேனை வடிக்கும் சோம்பலை விட வேண்டும். அது முடியாதென்றால் சேட்டனின் டப்பாவே மேல்.

கேன் உள்ளே வெறும் டப்பாவாக இருந்தால் ஆவி ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் போய்விடும். தடுப்புத் தகடும் வலையும் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிப்பது பழைய கை வைத்தியம், வேலையும் செய்யும். ஆனால் ஒரு நார் அறுந்தால் அது போய்ச் சேரும் இடம் ப்ளோயரின் வாய். இரண்டாவது கேனில் நான் அதை அனுமதிக்கவே மாட்டேன். எக்ஸாஸ்ட் பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று கேனை அங்கே வைப்பதும் வீண். ஆவி குளிர்ந்தால்தான் ஆயில் பிரியும், கேன் காற்று படும் மூலையில் இருக்க வேண்டும்.

மீதி இரண்டு வழிகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எக்ஸாஸ்ட் குழாயில் சாய்வாக வெட்டிய நிப்பிளை வெல்டு செய்து, புகையின் வேகத்தால் கிராங்க்கேஸை உறிஞ்சுவது ஒன்று. சைலன்சர் இல்லாத டிராக் ரேஸ் வண்டிக்குச் சரி. சைலன்சரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருந்தால் எதிர் அழுத்தம் வந்து, உறிஞ்ச வேண்டியது ஊதிவிடும். பெல்ட்டில் ஓடும் வாக்குவம் பம்ப் இன்னொன்று. வேலை செய்யும்தான். ஆனால் காசு அதிகம், எங்கள் பூஸ்டுக்கு அது கொசுவை அடிக்க உலக்கை.

எதை மாட்டினாலும் முதலில் லீக்-டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது, செய்துவிடுங்கள். ரிங் தேய்ந்து காற்றில் கால்வாசி கீழே இறங்கும் எஞ்சினுக்கு எந்தக் கேனும் மருந்தில்லை.

மாட்டிய பிறகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வாங்கவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப்பை வாங்கி, யு வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாகச் செருகினோம். பலகை பக்கத்து சீட்டில், என் மடியில். 1 பி.எஸ்.ஐ. என்றால் இரண்டு மட்டத்துக்கும் சுமார் 70 செ.மீ. வித்தியாசம். பழைய நிலையில் முழு பூஸ்டில் தண்ணீர் டியூப்பை விட்டே பீறி என் சட்டையை நனைத்தது. இப்போது ஸ்லோவில் எஞ்சின் பக்கம் 4 செ.மீ. உறிஞ்சுகிறது, முழு பூஸ்டில் 6 செ.மீ. தள்ளுகிறது. 10 செ.மீ.க்குள் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். சேட்டனின் திறந்த டப்பாவையும் ஒரு நாள் மாட்டிப் பார்த்தோம். பூஸ்டில் அதுவும் 7 செ.மீ.தான், பெரிய வித்தியாசமில்லை. ஸ்லோவில் மட்டும் உறிஞ்சல் சுத்தமாக இல்லை, தண்ணீர் ஒரு செ.மீ. எங்கள் பக்கமே ஏறி நின்றது.

ஓணத்துக்கு முந்தின ஞாயிறு இரண்டு கேனையும் வடித்தோம். மேனிஃபோல்டு பக்கத்துக் கேனில் கால் டம்ளர், பெரும்பாலும் பெட்ரோல் வாடை அடிக்கும் தண்ணீர், மேலே மெல்லிசாக ஆயில். டேப்பெட் கவர் பக்கத்தில் இரண்டு ஸ்பூன் கறுப்பு ஆயில். ஆயில் மூடிக்கு அடியில் தயிர் இல்லை. பின் சீல் மட்டும் மார்ச்சில் வாங்கிய அடியில் இன்னும் கசிகிறது. கியர்பாக்ஸை இறக்க சேட்டன் லீவு முடிந்து வர வேண்டும்.